காயத்துக்கு ஏற்ற காட்சி

என் வாழ்க்கையில் ஒரே ஒரு திரைப்படத்துக்குத்தான் நான் எடிட்டிங் செய்திருக்கிறேன். ஒரு மணி இருபது நிமிடம் ஓடுகிற காதல் படம். கதை நேராகப் போகாது. பிரிவில் தொடங்கி, சண்டைகளுக்குள் புகுந்து, நடுவில் சந்தோஷமான நாட்களைத் தொட்டு, கடைசியில் இருவரும் முதன்முதலாகச் சந்திக்கிற பஸ் ஸ்டாப்பில் முடியும். பார்த்தவர்கள் அந்த வரிசையைத்தான் மெச்சினார்கள். அதை யோசித்துச் சொன்னவள் நான். ஏன் சொன்னேன் என்பதை இப்போதுதான் எழுதத் துணிகிறேன்.

விவேக் நகரில், குழந்தை இயேசு கோயிலிலிருந்து இரண்டு தெரு தள்ளி என் தாய்மாமாவின் வீடியோ ஸ்டுடியோ இருந்தது. கல்யாணம், ஞானஸ்நானம், புதுநன்மை என்று கிறிஸ்தவ வீட்டு விசேஷங்களில் மாமா எடுத்துவருவதை நான் வெட்டிச் சேர்ப்பேன். கல்யாண கேசட்டில் எடிட்டரின் முக்கால்வாசி வேலை மறைப்பதுதான். மாப்பிள்ளையின் அண்ணன் தள்ளாடுவது, பந்தியில் நடந்த கைகலப்பு, பெண் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைப்பது எதுவும் வெளியே வரக் கூடாது. அதில் எனக்கு நல்ல பெயர்.

வாயை மூடிக்கொண்டிருப்பதும் எனக்குப் புதிதல்ல. தொண்ணூற்றொன்றில் காவிரித் தண்ணீருக்காக நகரம் பற்றி எரிந்தபோது எனக்குப் பதினான்கு வயது. மாமா அவசரமாக ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தார். ஏழெட்டுப் பேர் வந்து கடையின் தமிழ்ப் போர்டைக் கம்பியால் அடித்து விழவைத்தார்கள். பிறகு அதே கம்பியால் மாமாவின் முழங்காலை அடித்தார்கள். நான் எதிர்வீட்டு மாடியில் நின்று பார்த்தேன். கம்பி வைத்திருந்தவன் எங்கள் தெருமுனைப் பஞ்சர் கடைக்காரன். போலீஸ் வந்து விசாரித்தபோது அம்மா என் முதுகில் கிள்ளினாள். யாரையும் தெரியவில்லை என்றேன். அடுத்த வாரம் அவனிடமே என் சைக்கிளுக்குக் காற்றடித்தேன். அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். நானும் சிரித்தேன்.

பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து, என்னோடு கல்லூரியில் படித்த ஒருவன் ஸ்டுடியோவுக்கு வந்தான். மென்பொருள் கம்பெனியில் வேலை, மனதெல்லாம் சினிமா. கைக்கு அடக்கமான டிஜிட்டல் கேமராக்கள் வந்திருந்த சமயம் அது. ஒன்றை வாங்கிவிட்டான். நானே இயக்குநர், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் படப்பிடிப்பு, நண்பர்கள்தான் நடிப்பார்கள், நீ எடிட்டிங் செய், கன்டினியூட்டியும் பார்த்துக்கொள் என்றான். போன காட்சியில் போட்டிருந்த வளையல் அடுத்த காட்சியிலும் இருக்கிறதா, தலைவகிடு எந்தப் பக்கம் என்றெல்லாம் கவனித்து எழுதிவைக்கிற வேலை அது. ஒரு நீளமான நோட்டு வாங்கிக்கொண்டேன். திரையில் என் பெயர் வரும் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

கதாநாயகியாக நடித்தவள் மல்லேஸ்வரத்தில் பள்ளி ஆசிரியை. மூன்று தலைமுறையாக அங்கேயே இருக்கும் தமிழ்க் குடும்பம். வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் கன்னடம். நாடகங்களில் நடித்துப் பழகியவள். என்னைவிட இரண்டு வயது இளையவள் என்பதால் என்னை அக்கா என்று கூப்பிடுவாள். நாயகன் தமிழ்நாட்டிலிருந்து விளம்பரக் கம்பெனி வேலைக்கு வந்தவன். நல்ல உயரம், அதைவிட நல்ல குரல். இருவரும் நிஜத்திலும் காதலித்துக்கொண்டிருந்தார்கள். இயக்குநர் அவர்களைப் பிடித்ததே அதற்காகத்தான். இவர்கள் நடிக்கவே வேண்டாம், சும்மா இருந்தாலே போதும் என்பான்.

படத்தைக் கதை வரிசையிலேயே எடுக்கத் தொடங்கினோம். முதல் ஞாயிறு மல்லேஸ்வரம் பஸ் ஸ்டாப். அவள் கன்னடத்தில் பஸ் நம்பர் கேட்பாள், அவன் புரியாமல் விழிப்பான், அவள் தமிழில் திரும்பக் கேட்பாள். இரண்டு பேரும் சிரிப்பை அடக்க முடியாமல் ஏழெட்டு டேக் வீணாயின. எல்லோரும் சந்தோஷமாக இருந்த நாள் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

மூன்றாவது ஞாயிறு அவள் இடது கண்ணுக்குக் கீழே நீலம் பாரித்து வந்தாள். குளியலறைக் கதவில் இடித்துக்கொண்டதாகச் சொன்னாள். அவன் பக்கத்தில் நின்று, இவளுக்கு நடக்கவே தெரியாது என்று சிரித்தான். அன்றைக்குப் பூங்காவில் வேர்க்கடலை தின்றுகொண்டே பேசும் காட்சி. நான் நோட்டில் எழுதினேன்: இடது கண் கீழே காயம், வலது பக்கமிருந்து மட்டும் ஷாட். இயக்குநர் அப்படியே எடுத்தான்.

நான்காவது ஞாயிறு, அவன் அவளிடம் கல்யாணம் பற்றிப் பேசும் காட்சி. காயம் மஞ்சளாகியிருந்தது. ஐந்தாவது ஞாயிறு அவள் மணிக்கட்டில் விரல் தடம். நான்கு விரல் ஒரு பக்கம், கட்டைவிரல் மறுபக்கம். இதற்கு எந்தக் கதவையும் குற்றம் சொல்ல முடியாது. அவளும் சொல்லவில்லை. சட்டையின் கையை இழுத்து விட்டுக்கொண்டாள். முழுக்கைச் சட்டை என்று மட்டும் நான் எழுதிக்கொண்டேன்.

ஆறாவது ஞாயிறுதான் நாயகன் அவளை அறைகிற காட்சி. கை கன்னத்தைத் தொடாமல் போக வேண்டும், சத்தத்தைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று பேசி வைத்திருந்தோம். இரண்டு டேக்கில் அப்படித்தான் செய்தான். இயக்குநருக்குத் திருப்தியில்லை, வேகம் போதவில்லை என்றான். மூன்றாவது டேக்கில் அவன் முழுக்கையையும் வீசினான். அவள் நாற்காலியோடு சாய்ந்து தரையில் விழுந்தாள். உதடு கிழிந்து ரத்தம் மேல்சட்டையில் சொட்டியது. கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. கட் என்று சொல்லவே இயக்குநருக்கு நேரம் பிடித்தது. நாயகன் மண்டியிட்டு அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். நான் துணியை நனைத்து அவள் உதட்டில் வைத்து அழுத்தினேன். துணிக்குள்ளிருந்தே அவள் பரவாயில்லை என்றாள். எல்லோரும் அமைதியான பிறகு இயக்குநர் மெதுவாக என்னிடம், “இந்த டேக்கையே வச்சுக்கலாம்” என்றான். கேசட்டின் மேல் அந்த டேக்கின் நம்பரைக் குறித்துக்கொண்டேன்.

எடுத்தவரை சேர்த்துப் பார்க்க இயக்குநர் ஸ்டுடியோவுக்கு வந்தான். கல்யாணப் பேச்சுக் காட்சியில் அவள் முகத்தைத் திருப்பும்போது அந்த மஞ்சள் தெரிந்தது. தவிர்க்கவே முடியாது, அவள் திரும்புகிற அந்தக் கணம்தான் காட்சியின் உயிர். காதலைச் சொல்கிற இடத்தில் பெண்ணின் முகம் ஏன் கன்றிப்போயிருக்கிறது என்று பார்ப்பவர்கள் கேட்பார்களே என்று தலையில் கை வைத்துக்கொண்டான். திரும்ப எடுக்கவும் வழியில்லை. பழைய காயம் ஆறினால் அதற்குள் புதியது வந்துவிடும். இதை அவன் வாய்விட்டுச் சொல்லவில்லை; நானும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

அப்போதுதான் நான் சொன்னேன்: “கதையை நேரா சொல்லாத. அறையற சீனை முன்னால வை. அப்புறம் கல்யாணப் பேச்சு வந்தா, காயம் ஏன்னு பாக்கறவங்களுக்குத் தெரிஞ்சிடும். பழசை நினைச்சுப் பாக்கற மாதிரி இருக்கும்.”

அவன் எழுந்து நின்று கைதட்டினான். அன்று சாயங்காலமே காட்சிகளைச் சீட்டுகளில் எழுதி, மேசையில் கலைத்துக் கலைத்து அடுக்கினோம். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கல்யாண கேசட்டில் எத்தனையோ மறைத்திருக்கிறேன், ஆனால் மறைப்பதற்காகச் செய்த ஒன்று இவ்வளவு அழகாக அமைந்ததில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கேவலம். மணிக்கட்டுத் தடத்துக்கு ஒரு காரணம் வேண்டுமென்று இயக்குநர் புதிதாக ஒரு காட்சி எழுதினான்: நாயகன் அவள் கையை முறுக்கி அறைக்கு வெளியே தள்ளுகிறான். அதை ஏழாவது ஞாயிறு எடுத்தோம். தள்ளியதில் அவள் தோள் கதவு நிலையில் மோதி வீங்கியது. எட்டாவது ஞாயிறு அந்தத் தோளுக்குப் பொருத்தமாக இன்னொரு காட்சி. காயத்துக்கு ஏற்ற காட்சியை நாங்கள் எழுதினோம், காட்சி அடுத்த காயத்தைக் கொடுத்தது. முன்பு வீட்டுக்குள் மறைத்துச் செய்ததை இப்போது அவன் நான்கு பேர் முன்னால், விளக்கு வெளிச்சத்தில் செய்தான். முடிந்ததும் நாங்கள் அவனுக்கு டீ கொடுத்தோம். ஞாயிறுதோறும் வந்து ஒலிப்பதிவு செய்த ஒருவர், இதெல்லாம் சரியில்லை என்று இயக்குநரிடம் சொல்லிவிட்டு எட்டாவது வாரத்தோடு நின்றுவிட்டார். அவரைக் கோழை என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

படப்பிடிப்பு முடிந்து எடிட்டிங் நடந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம் அவள் தனியாக ஸ்டுடியோவுக்கு வந்தாள். மாமா ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். வெட்டியவரை போட்டுக் காட்டினேன். அவள் திரையைப் பார்க்காமல் கொஞ்ச நேரம் என் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். இடது கண், மணிக்கட்டு, உதடு, தோள் என்று என் கையெழுத்திலேயே எல்லாம் தேதியோடு இருந்தது.

“உங்களுக்குத் தெரியும் இல்லக்கா?” என்றாள்.

தெரியும் என்றேன்.

“எப்போலருந்து?”

“மூணாவது ஞாயித்துக்கிழமைல இருந்து.”

அவள் கோபப்படவில்லை. நோட்டை மூடி என் பக்கம் தள்ளினாள். விட்டுவிட்டுப் போக இரண்டு முறை முயன்றதாகவும், இரண்டு முறையும் அவன் பள்ளி வாசலில் வந்து நின்று, பிள்ளைகள் வெளியே வரும் நேரத்தில் சத்தம் போட்டதாகவும் சொன்னாள். பிறகு ஒரு உதவி கேட்டாள்.

“இதெல்லாம் நடந்த வரிசையில போட்டு எனக்கு ஒரு கேசட் குடுப்பீங்களாக்கா? எனக்கே குழம்பிப் போச்சு. ஒவ்வொரு தடவையும் இதுதான் மொதல் தடவைங்கறான். நானும் நம்பிடறேன்.”

திரையிடல் முடியட்டும், செய்து தருகிறேன் என்றேன். இரண்டு மணி நேர வேலைதான். அன்றைக்கே செய்திருக்கலாம். செய்து கொடுத்தால் அவள் அதை எடுத்துக்கொண்டு எங்காவது போவாள், படம் நின்றுவிடும், என் பெயர் திரையில் வராது. இதுதான் காரணம். வேறு எந்தக் காரணமும் இல்லை.

ஒரு சனிக்கிழமை காலை, வாடகைக்கு எடுத்த சின்ன அரங்கில் படத்தைப் போட்டோம். அரங்கு நிறைந்தது. முடிந்ததும் வெகுநேரம் கைதட்டினார்கள். வெள்ளைத் தாடி வைத்த ஒருவர் எழுந்து, நம் ஞாபகம் இப்படித்தான் முன்னும் பின்னுமாக வேலை செய்கிறது, இந்த வரிசைதான் படத்தின் கவிதை என்றார். இயக்குநர் என்னைக் காட்டினான். நான் எழுந்து கும்பிட்டேன். நாயகன் மேடையில் தன் நல்ல குரலில் காதலைப் பற்றிப் பேசினான். அவள் மேடையேறவில்லை, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஒரு பெண் அவளைப் பார்த்து, வலியை எப்படி இவ்வளவு உண்மையாக நடித்தீர்கள் என்று கேட்டாள். மைக் அவள் கைக்குப் போனது.

“நான் நடிக்கல” என்றாள்.

தன்னடக்கம் என்று நினைத்து எல்லோரும் சிரித்துக் கைதட்டினார்கள். நாயகன் சிரிக்கவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு நான் கேமரா ஸ்டாண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அரங்கின் பின்பக்கம் வண்டி நிறுத்துமிடத்துக்குப் போனேன். அவன் அவள் தலைமுடியைக் கையில் சுற்றிப் பிடித்து, நெற்றியைச் சுவரில் மோதிக்கொண்டிருந்தான். கத்தவில்லை, பேசவுமில்லை. ஆணி அடிப்பதுபோல நிதானமாகச் செய்தான். அவளிடமிருந்தும் சத்தமில்லை. சுவரில் ரத்தம் வழிந்திருந்தது.

அந்த ஸ்டாண்ட் பழைய இரும்பு ஸ்டாண்ட், கல்யாணங்களுக்குத் தூக்கிப்போய்ப் பழகிய கனம். அதன் தலைப்பக்கத்தால் அவன் கையில் அடித்தேன். எலும்பு முறியும் சத்தம் எனக்குக் கேட்டது. அவன் முடியை விட்டுவிட்டுத் திரும்பினான். வாயில் அடித்தேன். விழுந்தான். அவள் தப்பிவிட்டாள், அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. கீழே கிடந்தவனை விலாவிலும் தொடையிலும் அடித்தேன். வேண்டாம் வேண்டாம் என்று அவன் அந்தக் குரலில் கெஞ்சியது எனக்கு இனித்தது. எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் இனித்தது என்பதுதான் உண்மை. இயக்குநர் ஓடிவந்து என்னை இடுப்போடு சேர்த்துப் பிடித்து இழுத்தான். அப்போதும் என் கால் அவனை உதைத்துக்கொண்டிருந்தது.

அவளுக்கு நெற்றியில் ஒன்பது தையல். இடது காதுச் சவ்வு கிழிந்திருந்தது. இது இன்றைக்குக் கிழிந்தது மட்டுமல்ல, பழைய கிழிசலின் மேல் புதியது என்று டாக்டர் சொன்னார். அவனுக்குக் கை முறிவு, மூன்று பல் போயிருந்தது. காவல் நிலையத்துக்கு அவனுடைய புகார்தான் முதலில் போனது. கேமரா ஸ்டாண்டை ஆயுதம் என்று எழுதிக்கொண்டார்கள்.

அவள் புகார் கொடுத்தபோது நான் கேமராவையும் கேசட்டுகளையும் எடுத்துப் போனேன். இன்ஸ்பெக்டர் அந்தச் சின்னத் திரையில் அறைகிற காட்சியை இரண்டு முறை பார்த்தார். இது சினிமாதானே, சினிமாவில் அடிப்பதற்கெல்லாம் கேஸ் போட முடியுமா என்று கன்னடத்தில் கேட்டார். ரத்தம் கூட மேக்கப்தானே என்றார். அங்கிருந்த பெண் ஏட்டு கோலார் தங்கவயல்காரர். என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போய்க் கன்னடம் கலந்த தமிழில் சொன்னார்: “சும்னே அழுதா ஒண்ணும் ஆகாதும்மா. கூட இருந்த ஆளுங்க மேக்கப் இல்லன்னு எழுதிக் குடுங்க. அப்பதான் இது நிக்கும்.”

இயக்குநரை அழைத்துக் கேட்டார்கள். அவன் என்னையும் அவளையும் பார்க்காமல், மேக்கப் என்றுதான் நினைத்திருந்தேன் என்றான். எங்களிடம் மேக்கப் பெட்டியே கிடையாது.

நான் எழுதிக் கொடுத்தேன். நோட்டையும் கொடுத்தேன். பிறகு ஸ்டுடியோவுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, எல்லா கேசட்டுகளையும் நம்பர்படி எடுத்து, காயம் தெரிகிற ஒவ்வொரு ஷாட்டையும் எடுத்த நாள் வரிசையில் சேர்த்தேன். ஓரத்தில் தேதி ஓடும்படி வைத்தேன். நாற்பது நிமிடம் வந்தது. முதலில் சிரிக்கிற முகம், பிறகு கண்ணுக்குக் கீழே நீலம், பிறகு மஞ்சள், மணிக்கட்டு, உதடு, தோள். நடுவில் எதையும் மறைக்கவில்லை. மாமா நொண்டி நொண்டி வந்து பின்னால் நின்று முழுவதும் பார்த்தார். இவ்வளவும் நடந்தபோது நீ எங்கே இருந்தாய் என்று கேட்டார். கேமராவுக்குப் பின்னால் என்றேன். அவர் போய்விட்டார். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

அந்த கேசட்டைப் பார்த்த பிறகுதான் அவள் புகாரை வாங்கிக்கொண்டார்கள். ஆனால் இரண்டு வழக்கும் சேர்ந்தே நடந்தன. எனக்குச் சிறைத் தண்டனை கிடைக்க வாய்ப்பிருக்கிறது என்று வக்கீல் சொன்னார். நான்கைந்து மாதம் இழுத்த பிறகு அவன் தரப்பிலிருந்து சமாதானப் பேச்சு வந்தது. அவள் வழக்கை வாபஸ் வாங்கினால் அவனும் என்மேல் போட்டதை வாபஸ் வாங்குவான். அதோடு அவளிருக்கும் பக்கமே வர மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவான். அவள் என்னைக் கேட்காமலே ஒத்துக்கொண்டாள். விஷயம் தெரிந்தபோது நான் அவளைத் தடுத்திருக்கலாம். என் வழக்கை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ விடாதே என்று சொல்லியிருக்கலாம். வீட்டில் அம்மா ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தாள். எனக்கும் பயமாக இருந்தது. நான் தடுக்கவில்லை. அவன் கையெழுத்துப் போட்டுவிட்டு வேறு ஊருக்குப் போனான். அங்கே கல்யாணமும் செய்துகொண்டதாகக் கேள்விப்பட்டேன்.

இயக்குநர் படத்தை வெளியூர் விழாக்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தான். நிறுத்தச் சொல்லி மூன்று முறை போன் செய்தேன். அவள் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறாள் என்றான். கடைசியில் என் பெயரையாவது எடுத்துவிடு என்றேன். எடுத்துவிட்டான்.

மூன்று வருடம் கழித்து அவள் என்னை மல்லேஸ்வரத்தில் ஒரு ஓட்டலுக்கு வரச் சொன்னாள். நெற்றித் தழும்பு மேல் முடியை இறக்கி வாரியிருந்தாள். வலது காது என் பக்கம் இருக்கும்படி நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டாள். பீன்யா பக்கத்துப் பள்ளி ஒன்றுக்கு மாறியிருந்தாள். பிள்ளைகளெல்லாம் தொழிற்சாலைக் குடும்பத்துப் பிள்ளைகள், பாதிக்குப் பாதி தமிழ் என்றாள். காபி வந்தது. கொஞ்ச நேரம் ஆற்றிக்கொண்டே இருந்தாள்.

“அன்னிக்கு நீங்க அவனை அடிச்சதுக்கு நன்றி சொன்னியான்னு எங்க வீட்ல கேக்கறாங்கக்கா. நான் சொல்லல. சொல்லவும் மாட்டேன். அன்னிக்குப் பார்க்ல கடலை தின்னுட்டு உக்காந்திருந்தோமே, அப்ப என்னாச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தீங்கன்னா எனக்குப் போதும்.”

நான் சரி என்றேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். அதற்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும், எனக்குத் தெம்பில்லை என்றாள். பிறகு மாமாவின் முழங்கால் எப்படியிருக்கிறது என்று விசாரித்தாள். பரீட்சைத் தாள்கள் திருத்த வேண்டியிருக்கிறது என்று கிளம்பினாள்.

பஸ் ஸ்டாப் சாலையின் எதிர்ப்பக்கம் இருந்தது. இடது பக்கம் வருகிற வண்டிச் சத்தம் அவளுக்குக் கேட்காது. நான் அந்தப் பக்கமாக நடந்து அவளோடு சாலையைக் கடந்தேன். பஸ் வந்ததும் ஏறிக்கொண்டாள்.